சித்திரை பிறக்குமுன் ஒருநாள் உட்காருங்கள்

இராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் உள்ள ஊர்த்தலைவர்கள், ஜமாத் நிர்வாகிகள், தேவாலயப் பங்குப் பேரவையினர், விசைப்படகு சங்கப் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பத்திரமும் மனுவும் எழுதிப் பிழைக்கிறவன். மண்டபத்தில் இருபத்தாறு வருஷமாக ஒரு மேசை, ஒரு பெஞ்சு, இப்போது ஒரு கம்ப்யூட்டர். வாடகை ஒப்பந்தம் மட்டும் எத்தனை எழுதியிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. எல்லாம் ஒரே அச்சுதான். பதினோரு மாதம், அட்வான்ஸ் இவ்வளவு, வாடகை இவ்வளவு, ஐந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆணியைப் பற்றி எழுதிய எனக்கு, மீன்பிடித் தடைக்காலத்தில் வாடகையை என்ன செய்வது என்று ஒரு வரி எழுத இத்தனை வருஷத்தில் தோன்றவில்லை. கேட்கவும் யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் 61 ஆனது. தமிழ்க் கணக்கில் பார்த்தால் சித்திரை பிறந்த மறுநாள் கட்டிய படகு, வைகாசி முடிகிறவரை அவிழாது. முழுசாக இரண்டு மாதம். படகு வைத்திருப்பவர் அந்த நாளில் கரையேற்றிப் பலகை மாற்றுவார், பெயிண்ட் அடிப்பார், கடன் வாங்குவார். படகில் கூலிக்குப் போகிறவருக்கு அதுவும் இல்லை. சிலர் கேரளாப் பக்கம் போகிறார்கள், சிலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள், சிலர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, வீட்டுக்காரர் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால், காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போக அதுவே போதுமான காரணம். இரண்டு மாதம்! சட்டம் எழுதியவர்கள் கடலை நினைத்து எழுதவில்லை, மாதச் சம்பளக்காரரை நினைத்து எழுதினார்கள். ஆனால் நம் ஊரில் சட்டத்தின் கணக்கும் கடலின் கணக்கும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. ஒழுங்காக வாடகை கொடுத்து வந்த குடும்பம்கூட வைகாசிக் கடைசியில் அந்த நோட்டீஸ் வாங்கத்தக்க குடும்பமாகிவிடுகிறது. அவர்கள் செய்த குற்றம், அரசு சொன்னபடி கடலுக்குப் போகாமல் இருந்தது.

போன வைகாசியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

இரண்டு அறை வீடு, வாடகை 4,500. குடியிருப்பவர் விசைப்படகில் கூலி. தடை என்றதும் கொல்லத்துக்குப் போய்விட்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இங்கே. ஒருநாள் அந்தப் பெண் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வருகிறார், தான் பூட்டிய பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு தொங்குகிறது. பெரிய பூட்டு, புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. உள்ளே பையனின் டிசி, காஸ் சிலிண்டர், ஊறவைத்த அரிசி. அரிசி புளித்துப் போகுமே என்றுதான் அந்தப் பெண் முதலில் அழுதார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்கார அம்மாவை நீங்கள் வில்லி என்று நினைத்துவிடக் கூடாது. கணவர் போய்ப் பதினைந்து வருஷம். மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார், மூன்றிலும் கடல் தொழில் குடும்பம்தான். தடைக்காலத்தில் மூன்று வாடகையும் ஒன்றாக நிற்கும். அவருக்கு மகள் வீட்டுச் சீட்டு, மருந்து, அப்புறம் வீட்டு வரி. "கடல்ல போறவனுக்குத் தடைக்கால நிவாரணம் இருக்கு, எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. 2023 ஆகஸ்டில் இதே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அந்த நிவாரணத்தை 5,000இலிருந்து 8,000ஆக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். குடும்பத்துக்கு 8,000. அந்த வீட்டின் இரண்டு மாத வாடகை 9,000. பணம் வந்தாலும் முதலில் மளிகைக்கடைப் பாக்கிக்குப் போகும், மிச்சம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது போகும். வாடகை வரிசையில் கடைசியில் நிற்கிறது. ஐஸ் உடைக்கிறவர், பெட்டி தூக்குகிறவர் என்று மீனவர் பட்டியலில் பெயரே இல்லாதவர் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒருவர் வந்துவிட்டார். நானே முடித்துத் தருகிறேன், மூவாயிரம் கொடுங்கள் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பேசினார். பாக்கி ஒன்பதாயிரம், அதை முடிக்க ஆறாயிரம்! நல்லவேளை, இரண்டு பேரிடமும் அந்த மூவாயிரம் இல்லை. அதனால்தான் என் பெஞ்சுக்கு வந்தார்கள்.

ஒரு மணி நேரம் ஆனது. முதல் அரை மணி நேரம் வாடகையைப் பற்றிய பேச்சே இல்லை. போன தைப்பொங்கலுக்கு வாசலில் கோலம் போட விடவில்லை, தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைத்தது யார், இப்படியே போனது. நான் குறுக்கே போகவில்லை. அது வெளியே வராமல் கணக்கு உள்ளே இறங்காது. அப்புறம் நான் ஆறு தவணை என்று எழுதப் போனேன். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினார். "ஐப்பசி, கார்த்திகையில எழுதாதீங்க அண்ணே. காத்து மழைன்னு கடலுக்குப் போக டோக்கன் குடுக்க மாட்டாங்க. ஆனியிலேர்ந்து புரட்டாசிக்குள்ள முடிச்சிருவோம் லாத்தா, அப்பதான் மீன்பாடு இருக்கும்." லாத்தா (அக்கா) என்றது வீட்டுக்கார அம்மாவை. இத்தனை வருஷமாக எழுதுகிற எனக்குத் தோன்றாதது அது. அன்றைக்கு ஆயிரம் ரூபாய் கையில் கொடுத்தார். மீதி எட்டாயிரம், நான்கு மாதம், மாதம் இரண்டாயிரம், நடப்பு வாடகையோடு சேர்த்து. ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சிக்கு டீக்கடைக்காரர். இரவு எட்டு மணிக்குப் பூட்டு திறந்தது.

மூன்று தவணை சரியாக வந்தது. நான்காவது கொஞ்சம் இழுத்து, வந்துவிட்டது. கதை இதோடு சுபம் என்று சொல்ல ஆசைதான். தை மாதம் அந்த வீட்டையே யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதாகச் சொல்லி, முறையாக அவகாசம் கொடுத்துக் காலி செய்யச் சொல்லிவிட்டார் லாத்தா. அட்வான்ஸைக் குறைக்காமல் திருப்பிக் கொடுத்தார். 2025 ஏப்ரல் 6இல் பாம்பன் புதுப் பாலம் திறந்து தீவுக்குள் மறுபடி ரயில் வந்ததிலிருந்து இந்தக் கரையில் குடியிருக்க வீடு கேட்கிறவரைவிட ஒரு ராத்திரி தங்க அறை கேட்கிறவர் மேல்தான் எல்லோருக்கும் கண். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஒரு நாளில் வருகிற காசு, குடியிருப்பவர் ஒரு மாதத்தில் தருகிற காசு. அதை இந்த மடலால் தீர்க்க முடியாது. வீடு கைமாறுகிற காலத்தில் வீதியில் நிற்காமலாவது பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சரி, உங்களிடம் கேட்பது என்ன?

பங்குனி மாதம், தடை தொடங்குவதற்கு முன்னால், உங்கள் ஊரில் ஒருநாள் உட்காருங்கள். பள்ளிவாசல் திண்ணையோ கோயில் மண்டபமோ சங்கக் கட்டடமோ, இடம் எதுவானால் என்ன. வாடகைக்கு விட்டவர்களையும் இருப்பவர்களையும் கூப்பிட்டு, தடை மாத வாடகையை எப்படிக் கொடுப்பது என்று அவரவர் பேசி எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். ஒரே தொகை, ஒரே விதி என்று ஊர் முழுவதற்கும் கட்டளை போட வேண்டாம். ஒருவர் பாதியை இப்போதே கொடுக்க முடியும் என்பார், இன்னொருவர் அட்வான்ஸில் ஒரு மாதத்தைக் கழித்துக்கொண்டு அப்புறம் நிரப்பித் தருகிறேன் என்பார். நான் இனிமேல் எழுதப்போகிற ஒப்பந்தங்களில் சேர்க்கிற வரி இது: "தடைக்கால இரண்டு மாத வாடகையில் பாதியை அந்தந்த மாதமும், மீதியை ஆனி முதல் புரட்டாசி வரை நான்கு தவணையிலும் குடியிருப்பவர் செலுத்துவார். தவணை தவறாதவரை அதைப் பாக்கி என்று சொல்லி வீட்டுக்காரர் காலி செய்யக் கோரமாட்டார்." இதைவிட நல்லதாக யாராவது சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

கோர்ட்டுக்கு வெளியே பேசித் தீர்ப்பது என்றதும் உங்களில் சிலர் நெளிவீர்கள், தெரியும். நமக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் ஞாபகம் வருவது கட்டப்பஞ்சாயத்துதான். வரட்டும், அந்தப் பயம் நல்லது. மூவாயிரம் கேட்டவரைச் சும்மா சொல்லவில்லை. ஆகவே சிலவற்றில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். நடுவில் இருந்து பேசிவிடுகிறவர் இரண்டு பக்கமும் ஒரு டீ தவிர எதுவும் வாங்கக் கூடாது. தண்டம் போடக் கூடாது. ஊரைவிட்டு ஒதுக்கிவைப்போம் என்ற பேச்சு வந்தால் அந்த நிமிஷமே அது பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு ஒத்துவரவில்லை, கோர்ட்டுக்குப் போகிறேன் என்று எழுந்து போகிறவரைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. உட்காருகிறவர்களில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. தடைக்காலத்தில் ஆண்கள் பாதிப்பேர் ஊரில் இருப்பதில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. பூட்டிய வாசலில் நிற்பது பெண்கள்தான். நாற்காலியில் ஆண்களும், தூணுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லப் பெண்களும் என்று நடந்த கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேசியும் முடியவில்லை என்றால் அடுத்த படி கோர்ட்டு வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்கு போடுவதற்கு முன்பே அங்கே ஒரு வெள்ளைத்தாளில் மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசுவார்கள். இருவரும் சம்மதித்து அங்கே எழுதினால் அது சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. என் பெஞ்சில் எழுதுகிற தாளுக்கு அந்த வலு கிடையாது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பேசித் தீர்ப்பது நாட்டுப்புறத்தான் வழி, படித்தவன் வழி கோர்ட்டு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: நாட்டிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005இல்.

வீட்டுக்காரர்களிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். ஒப்பந்தம் எழுத நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், என்னிடம்தானே சொல்கிறீர்கள். முதல் பயம், எழுதிக் கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வீடு அவனுக்குச் சொந்தமாகிவிடும் என்பது. நடப்பது நேர் எதிர். உங்கள் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த அனுபவத்தை வைத்து உரிமை கோர முடியாது, அவர் வாடகைக்கு வந்தவர் என்பதற்குச் சாட்சியே அந்த ஒப்பந்தம்தான். இரண்டாவது, பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபிறகு வந்து குடியேறிய குடும்பங்களில், மூன்றாம் தலைமுறையிலும் காகிதம் சரியாகாத வீடுகளை நான் அறிவேன். அது தனிக் கவலை, அதைத் தீர்க்கத் தனி வழி தேட வேண்டும். ஆனால் வாய்ப்பேச்சில் விட்டால் நாளை வாடகை வரவில்லை என்று சொல்லவும் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. புதுச் சட்டப்படி எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். பதினோரு மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்ற பழைய சாமர்த்தியம் இங்கே செல்லாது. அந்தச் சாமர்த்தியத்தை ஊருக்குப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

பூட்டு போடுவது, மீட்டரில் ஃபியூஸைப் பிடுங்குவது, மோட்டாரை நிறுத்துவது, இதெல்லாம் பாக்கி வசூலாகாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதைச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கிறது, குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போனால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வெளியே தள்ளப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்கு போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் அவரை உள்ளே விடச் சொல்லலாம். பூட்டு வாங்கின காசும் போய், வழக்குச் செலவும் சேரும்.

குடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொல்லத்துக்குப் போகிறீர்கள் என்றால் சொல்லிவிட்டுப் போங்கள். போனை அணைத்து வைப்பதுதான் வீட்டுக்காரருக்கு முதல் சந்தேகத்தைக் கிளப்புகிறது. கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள், இல்லை ஜிபே போடுங்கள். நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டினால் வீடு நிற்கும். ஒருமுறை இப்படித் தப்பியபின், ஏதாவது ஒரு வருஷத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் அந்தச் சலுகை திரும்பக் கிடைக்காது.

இன்னும் இரண்டு சண்டை இருக்கிறது, வாடகையைவிட அதிகம் வருவது. ஒன்று ரிப்பேர். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, மேல்தளக் காரை பொரிந்து தட்டில் விழுகிறது. 2024 நவம்பர் 20 மழையில் தீவே மிதந்ததே, அதற்கப்புறம் என் பெஞ்சுக்கு வந்த பாதிப்பேர் இதற்காகத்தான் வந்தார்கள். சட்டத்தின் அட்டவணையில் தெளிவாக இருக்கிறது: கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பது, குழாய்ப் பாதை, வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. வெள்ளையடித்தேன் என்று அட்வான்ஸில் கழிப்பது தப்பு. எனக்கும் ஒருமுறை கழித்தார்கள், கல்யாணமான புதிதில், அப்போது கேட்கத் தெரியவில்லை. இப்போது காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய அட்வான்ஸே மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

இன்னொன்று ஒத்தி. இரண்டு லட்சம், மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் விடுவது. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்கிறோம். ஒத்தி என்பது சட்டத்தில் அடமானம், பதிவாக வேண்டியது. பதிவில்லாத ஒத்தித் தாளோடு வருகிறவரின் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், வீட்டுக்காரர் பணத்தைச் செலவழித்துவிட்டார், அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் தருவார். நகையை விற்று ஒத்திக்கு வந்த குடும்பம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இதை அவசரப்பட்டு ஊர்க்கூட்டத்தில் முடிக்காதீர்கள். தொகை பெரிது, கைமீறிவிடும். நேராகச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள்.

இந்த வருஷம் பங்குனியில் எல்லா ஊரிலும் உட்காருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது ஒரு தெரு, ஒரு சங்கம் தொடங்கினால் போதும். சொல்லி அனுப்புங்கள், தாளும் பேனாவும் கொண்டு நானே வருகிறேன். தடைக்கால வரியைச் சேர்க்கிற ஒப்பந்தத்துக்கு எழுத்துக் கூலி வாங்கமாட்டேன். முத்திரைத்தாள் காசு மட்டும் அவரவர் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
மண்டபம்.